பீட்டா செல் 700 சதவீதம் பெருகுதாமே, காரி பாவ்லி விதையில்?

9 ஆகஸ்ட் 2025 — ராஜி, துவாரகா

வீட்டுக்காரருக்கு சுகர் பல வருஷமாக இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ராத்திரி படுக்கும் முன் ஒரு ஊசி. நேற்று மயூர் விஹார் நாத்தனார் வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். அமெரிக்காவில் ஏதோ விதையிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்ததும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் 700 சதவீதம் பெருகியதாம், சர்க்கரை நோய் போயே போச்சாம். அந்த விதை வேறெதுவும் இல்லை, இங்கே கல்யாண வீட்டிலும் கடை வாசலிலும் நெருப்பில் போட்டுப் புகை காட்டுவார்களே, அந்த ஹர்மல்தான் என்கிறாள். பழைய தில்லி மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் கிலோ கணக்கில் கிடைக்கிறது, கஷாயம் வைத்துக் கொடு என்று ஒரே பிடிவாதம். நிஜமா, புரளியா? லேபில் வேலை பார்க்கிற ஜனக்புரி அண்ணா இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள்.

9 ஆகஸ்ட், இரவு — ஜனக்புரி லேப்காரர்

கஷாயம் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

செய்தி முழுப் புரளி இல்லை, அதுதான் தொல்லை. புரளியாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். ஹர்மல் விதையில் ஹார்மைன் என்ற பொருள் இருக்கிறது. அது மனித பீட்டா செல்லைப் பெருக வைக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் விதையில் ஹார்மைன் மட்டுமா இருக்கிறது? கருவைக் கலைக்கக்கூடிய பொருள்களும் அதிலேயே இருக்கின்றன. ஹார்மைனுக்கே மூளையில் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கும் குணம் உண்டு. மன அழுத்த மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் அதன் மேல் இதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அமேசான் காட்டில் சடங்குக்குக் காய்ச்சும் அயவாஸ்கா பானத்தின் கொடியிலும் இதே ஹார்மைன்தான். குடித்தவர்கள் வாந்தி எடுப்பது அந்தச் சடங்கிலேயே சேர்த்தி.

நாத்தனாரிடம் சொல்லுங்கள்: நெருப்பில் போடட்டும், திருஷ்டி போகும். வயிற்றில் போட வேண்டாம்.

10 ஆகஸ்ட்

700 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். நியூயார்க்கில் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளி. ஆண்ட்ரூ ஸ்டீவர்ட் என்பவரின் குழு இதே வேலையாக நெடுங்காலம் இருக்கிறது. 2015இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சலித்துப் பார்த்து ஹார்மைனைப் பிடித்தார்கள். அது டிஒய்ஆர்கே1ஏ என்ற நொதியைத் தடுக்கிறது. அந்த நொதியின் வேலை, என்ஃபாட் என்ற புரதத்தை செல்லின் கருவுக்குள் நுழையவிடாமல் வெளியே தள்ளுவது. என்ஃபாட் உள்ளே போனால்தான் செல் பிரிவதற்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். நொதியைத் தடுத்தால் என்ஃபாட் உள்ளே தங்கும், செல் பிரியும்.

தனி ஹார்மைனில் ஒரு நாளைக்கு நூறில் ஒன்றிரண்டு செல் பிரிந்தது. 2019இல் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தார்கள், ஐந்து முதல் எட்டு வரை ஏறியது. அதற்கடுத்த வருஷம் ஹார்மைனோடு ஜிஎல்பி-1 வகை மருந்தைச் சேர்த்தார்கள். சர்க்கரைக்கும் எடைக்கும் என்று இப்போது எல்லோரும் பேசுகிற செமாக்ளுடைடு, மவுஞ்சாரோ எல்லாம் அந்தக் குடும்பம்தான். 2024 ஜூலையில் வந்ததுதான் உங்கள் வாட்ஸாப் செய்தி: இறந்த மனிதர்களின் கணையத்திலிருந்து எடுத்த திட்டுகளை (பீட்டா செல்கள் கூட்டமாக இருக்கும் இடம்) எலியின் சிறுநீரக உறைக்குக் கீழே பதித்து, ஹார்மைனையும் ஜிஎல்பி-1 வகையான எக்ஸெண்டின்-4ஐயும் மூன்று மாதம் கொடுத்தார்கள். பீட்டா செல்லின் மொத்த அளவு நான்கு முதல் ஏழு மடங்கு ஆனது. எலிகளின் சர்க்கரை இறங்கியது. மருந்தை நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் இறங்கியே இருந்தது.

எக்ஸெண்டின்-4 என்பது கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் முதலில் கண்டுபிடித்தது. திருஷ்டி விதையும் பல்லி எச்சிலும் சேர்ந்த மருந்து. நாத்தனாருக்கு இதைச் சொல்லாதீர்கள், பல்லி பிடிக்கக் கிளம்பிவிடுவாள்.

12 ஆகஸ்ட்

பவித்ரா (ஜேஎன்யு) எழுதியது சரியான விஷயம், இங்கேயும் போட்டு வைக்கிறேன். அந்த ஏழு மடங்கு முழுக்கப் பிரிந்து பெருகியது இல்லை. பதித்த திட்டில் வழக்கமாகச் செத்துப்போகிற செல்கள் சாகாமல் தப்பியதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. பெருக்குவது ஒன்று, இருப்பதைச் சாகவிடாமல் வைத்திருப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம், அந்த எலிகளுக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாது. மனித செல்லை வைத்தால் தள்ளிவிடக் கூடாது என்று அப்படி வளர்த்தவை. டைப் 1 சர்க்கரை நோயில் பீட்டா செல்லைக் கொல்வதே நோயாளியின் சொந்த எதிர்ப்பு சக்திதான். அந்தக் கொலைகாரன் இல்லாத ஊரில் செய்த சோதனை இது.

17 ஆகஸ்ட்

"அப்படியென்றால் நம் உடம்பில் பீட்டா செல் பெருகவே பெருகாதா?" என்று சரோஜினி நகர் தம்பி கேட்கிறார்.

பெருகும். பச்சைக் குழந்தையாக இருக்கும்போது. பிறந்த முதல் வருஷத்தில் நூறில் இரண்டு செல் பிரிந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் அது தேய்ந்து, பெரியவர்களான பிறகு ஆயிரத்தில் ஒன்று, இரண்டு. அதற்கப்புறம் ஏறக்குறைய நின்றுவிட்ட கதைதான். நமக்கு ஐம்பது வயதில் இருக்கும் பீட்டா செல்லில் பெரும்பாலானவை நாம் நிக்கர் போட்டு ஓடிய காலத்தில் பிறந்தவை.

எலிக்கு அப்படி இல்லை. எலியின் கணையத்தில் பாதியை வெட்டி எடுத்தால் ஓரளவு வளர்த்துக்கொள்ளும். கர்ப்பமான எலிக்கு பீட்டா செல் மளமளவென்று பெருகும். 2004இல் டக்ளஸ் மெல்டனின் ஹார்வர்ட் குழு ஒன்றைக் காட்டியது: வளர்ந்த எலியில் புது பீட்டா செல் எங்கோ மறைந்திருக்கும் மூலச் செல்லிலிருந்து (வேறு செல்லாக மாறக்கூடிய செல்) வருவதில்லை, பழைய பீட்டா செல்லே இரண்டாகப் பிரிந்து வருகிறது. எலிக்கு இந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. மனிதருக்குச் சாத்திவிட்டார்கள். உறவினருக்குத் தானம் கொடுக்கத் தன் கணையத்தில் பாதியை அறுத்துக் கொடுத்தவர்களில் பலருக்குப் பின்னாளில் சர்க்கரை வந்திருக்கிறது. மீதிப் பாதி வளர்ந்து ஈடுகட்டவில்லை.

அதனால் யார் எந்த மூலிகையைக் கொண்டுவந்து "பீட்டா செல்லை முளைக்க வைக்கும்" என்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: யாருடைய செல்?

24 ஆகஸ்ட்

காரி பாவ்லி போயிருந்தேன். வேலை வேறு, லேபுக்காக இல்லை, வீட்டுக்கு மிளகாய் வாங்க. சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி உள்ளே நுழைந்ததுமே தும்மல். மூட்டை சுமக்கிறவர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தும்மாமல் போகிறார்கள், நமக்குத்தான் கண்ணில் தண்ணீர்.

சாம்பிராணியும் குங்கிலியமும் விற்கும் கடையில் ஹர்மல் சாக்கு வாய் திறந்து நிற்கிறது. சின்ன விதை, கருஞ்சிவப்பும் பழுப்புமாக, கோணல் மாணலாக. கையில் எடுத்தால் லேசான கசப்பு வாடை. கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே "குழந்தைக்கு நஜரா?" என்றார், திருஷ்டியா என்று. இல்லை, சுகருக்குச் சாப்பிடலாமாமே என்றேன் சும்மா. சமீபத்தில் நிறையப் பேர் அதற்கும் கேட்கிறார்களாம். "நீங்கள் சாப்பிடுவீர்களா?" என்றேன். "நான் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கிராம்பு நிறுக்கப் போய்விட்டார்.

காஷ்மீரிகள் இதை இஸ்பந்த் என்பார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை வரும்போது கரியில் போட்டால் படபடவென்று வெடிக்கும். நம் வீட்டில் மிளகாயும் உப்பும் சுற்றிப்போடுவதே போதும், அதிலாவது வெளியே எடுத்துக் குடிக்கத் தோன்றாது.

31 ஆகஸ்ட்

முனீர்கா சுந்தரம் சாருக்குக் கோபம். "வெள்ளைக்காரன் 2015இல் செய்ததை நம்மாட்கள் 1990லேயே சிறுகுறிஞ்சானில் செய்துவிட்டார்கள், அதை ஏன் சொல்லவில்லை?" என்கிறார்.

சொல்கிறேன் சார். நியாயமான கேள்வி.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் குழு 1990இல் வெளியிட்டது அது. ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குச் சிறுகுறிஞ்சான் இலைச் சாற்றைக் கொடுத்தார்கள். திட்டுகளின் எண்ணிக்கையும் பீட்டா செல்லும் கூடின. நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து இன்சுலின் தேவை குறைந்ததாக எழுதினார்கள். சாதாரண வேலை இல்லை.

அதற்கும் முன்னால் 1981இல் லான்செட் இதழில் இன்னொரு இந்தியக் குழு. வேங்கை மரத்தில் இருக்கும் எபிகேட்டசின் என்ற பொருள் எலியின் பீட்டா செல்லை மறுபடி உண்டாக்குகிறது என்று எழுதினார்கள். தில்லியில் விஜய்சார் கிளாஸ் என்று மரக் குவளை விற்கிறார்களே, ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் தேநீர் நிறத்தில் குடிப்பது, அந்த மரம்தான். லான்செட்டில் வந்ததும் வெளிநாட்டு லேப்கள் பாய்ந்து செய்து பார்த்தன. அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சில வருஷத்தில் பேச்சே அடங்கிவிட்டது.

ஏன் ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகிறது? எலியைக் கெடுக்க நாம் கொடுக்கும் விஷமே காரணமாக இருக்கலாம். அலோக்சானோ ஸ்ட்ரெப்டோசோடோசினோ எல்லா பீட்டா செல்லையும் ஒரே மாதிரி கொல்வதில்லை. அளவு கொஞ்சம் குறைந்தால், எலி சின்ன வயதாக இருந்தால், அது தானாகவே தேறிக்கொள்ளும். அந்த நேரத்தில் அதன் வாயில் எதை ஊற்றியிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். சிறுகுறிஞ்சானைக் குறை சொல்லவில்லை. எலியின் செல்லை வைத்து மனிதருக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்கிறேன். ஹார்மைனில் எனக்கு மரியாதை வந்தது அமெரிக்கப் பெயர் இருப்பதால் இல்லை, பிரிந்தது மனித செல் என்பதால்.

31 ஆகஸ்ட், பிறகு

ஊரில் இருந்தபோது சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு ஒரு கரண்டி சர்க்கரை போட்டிருக்கிறேன். மணலைத் தின்பது போலிருக்கும், இனிப்பு துளி தெரியாது. கொஞ்ச நேரத்தில் நாக்கு திரும்பிவிடும். சுந்தரம் சார், மைசூர்பாகு தின்னும் ஆசையைக் கெடுக்க அது போதும், அந்த அளவில் நானும் உங்கள் கட்சி.

6 செப்டம்பர்

பீட்டாட்ரோஃபின் கதையை யாரும் சொல்லவில்லையே.

2013இல் அதே மெல்டன் குழு, செல் என்ற இதழில். எலியின் ஈரலில் ஒரு ஹார்மோன், அதைக் கூட்டினால் பீட்டா செல் பிரிவது சராசரியாக 17 மடங்கு ஏறுகிறது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. இனிமேல் தினமும் ஊசி வேண்டாம், வாரம் ஒரு தடவை, மாதம் ஒரு தடவை என்றெல்லாம் பேசினார்கள். அடுத்த வருஷமே வேறொரு குழு அந்த மரபணுவே இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தது. பீட்டா செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, வழக்கம்போலப் பெருகியது. ஹார்மோனைக் கூட்டினாலும் பெருக்கம் கூடவில்லை. மெல்டன் குழுவே மறுபடி செய்து பார்த்து, தங்கள் முடிவு நிற்கவில்லை என்று சொல்லி 2016 கடைசியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

இதை நான் அவர்களுக்கு அவமானமாகச் சொல்லவில்லை. திரும்பப் பெறுவதற்குத் தைரியம் வேண்டும். வாட்ஸாப்பில் வந்த எந்தச் செய்தியாவது இதுவரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா? 2017இல் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கணையத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்லை பீட்டா செல்லாக மாற்றும் என்றார்கள். அடுத்த வருஷம் வேறு லேபில் அது நடக்கவில்லை. முதல் செய்தி எனக்கு இன்றைக்கும் ஃபார்வர்டாக வருகிறது. இரண்டாவது ஒருநாளும் வந்ததில்லை.

7 செப்டம்பர்

ராஜி, உங்கள் வீட்டுக்காரர் சி-பெப்டைட் எப்போதாவது பார்த்திருக்கிறாரா? இதைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், விதையில் சுற்றிப் போய்விட்டோம்.

எங்கள் மேஜையில் தினமும் வரும் சோதனை. கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது முதலில் நீளமான ஒரே சங்கிலியாக வரும். நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால்தான் இன்சுலின். அந்த வெட்டிய துண்டு சி-பெப்டைட். ஒரு இன்சுலினுக்கு ஒரு துண்டு, கணக்கு பிசகாது. கடையில் வாங்கிப் போடும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. அதனால் ஊசி போடுகிறவருக்கும் அவருடைய சொந்தக் கணையம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இதில் தெரிந்துவிடும். சிறுநீரகம் கெட்டிருந்தால் மட்டும் எண் பொய்யாக ஏறிக் காட்டும், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்றால் வெறும் வயிறு. "டீதான் குடித்தேன், சர்க்கரை போடவில்லையே" என்று தினமும் ஒருவராவது வருகிறார். பாலில் இருப்பது என்ன என்று கேட்டால் முகம் வாடிவிடும். இன்னொரு விஷயம், ரத்தம் எடுத்த குழாயை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து ஊர் சுற்றிக் கொண்டுவரும் சேகரிப்பு மையங்கள் உண்டு. தில்லி மே மாதத்தில் சி-பெப்டைட் அதைத் தாங்காது. முடிந்தால் சோதனை செய்யும் இடத்துக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

இந்த எண்ணைப் பார்க்காமல் "பீட்டா செல்லைப் பெருக்கலாமா" என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. டைப் 2 நோய் கண்டுபிடிக்கும் நேரத்திலேயே சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்று பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்விலிருந்து கணக்கிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு உடம்பு பருமன் ஆகாமலேயே, சின்ன வயதிலேயே இந்தத் திறன் தடுமாறுகிறது. 2023இல் வந்த ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) இந்தியாப் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது.

14 செப்டம்பர்

பாதி போனது என்றால் செத்துப்போனதா, களைத்துப்போனதா? இதைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் மேலே "நின்றுவிட்ட கதை" என்று நான் எழுதியது ரொம்ப இருட்டாகத் தெரிகிறது.

2003இல் பட்லர் குழு இறந்தவர்களின் கணையத்தை அளந்தது. பருமனான டைப் 2 நோயாளிகளுக்கு, அதே பருமனில் நோயில்லாதவர்களைவிட பீட்டா செல் 63 சதவீதம் குறைவு. ஒல்லியானவர்களுக்கு 41 சதவீதம். ஆக செத்தது உண்மை. ஆனால் 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அச்சிலி குழு எலியில் ஒன்றைக் கண்டது: சில பீட்டா செல்கள் சாகவில்லை, தான் யார் என்பதையே மறந்து இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டிருந்தன. விடாமல் டபுள் ஷிஃப்ட் பார்த்தவன் ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்வது மாதிரி. ஆள் இருக்கிறான், வேலைதான் நடக்கவில்லை.

மனிதரில் இதற்கு ஆதரவாக இருப்பது நியூகாசிலில் ராய் டெய்லர் நடத்திய டைரெக்ட் ஆய்வு. நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் ஊசி போடாதவர்கள். சில மாதம் நாளொன்றுக்கு 850 கலோரி வாக்கில் கஞ்சி மாதிரி திரவ உணவு. ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை இறங்கியது. இரண்டாம் வருஷம் 36 சதவீதம். செல்லைப் பெருக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை, கணையத்தில் கொழுப்பு இறங்கியதும் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான்.

ராஜி வீட்டுக்காரருக்கு இவ்வளவு வருஷம் ஆன பிறகு அது எவ்வளவு தூரம் நடக்கும்? வாய்ப்பு குறைவு. கிளிமிபிரைடு, ஊசி இரண்டும் இருக்கும்போது சாப்பாட்டைத் தானாகக் குறைத்தால் சர்க்கரை தரைக்கு இறங்கி மயக்கம் போட்டு விழுவார். டாக்டர் மாத்திரையைக் குறைத்த பிறகுதான் கஞ்சி.

28 செப்டம்பர்

கொலு பார்க்க ஆர்.கே. புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்களுடைய பெண்ணுக்கு டைப் 1. பட்டுப்பாவாடையோடு கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டிக்கொண்டு திரிகிறது. சுண்டல் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் அம்மாவைப் பார்க்கிறது, அம்மா கொண்டைக்கடலையைக் கண்ணால் அளந்து "ரெண்டு யூனிட்" என்கிறாள். பாயசம் வந்ததும் மறுபடி கணக்கு. போன மே மாதத்தில் ராத்திரி முழுக்க கரண்ட் போனபோது இன்சுலின் பேனாவை மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினார்களாம்.

அவள் அம்மா கேட்டாள்: "அண்ணா, இவளுக்குப் பெருக்க மிச்சம் ஏதாவது இருக்குமா?"

இருக்கலாம், அம்மா. பாஸ்டனில் ஜாஸ்லின் மையத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் இன்சுலினோடு வாழ்ந்தவர்களைப் பரிசோதித்தபோது பலருக்கு இன்னும் கொஞ்சம் சி-பெப்டைட் வந்துகொண்டிருந்தது. பீட்டா செல் முழுக்க அழியவில்லை. ஆனால் பெருக்கினால் பெருகியதையும் எதிர்ப்பு சக்தி தின்றுவிடும். இரண்டு மருந்து சேர்ந்தால்தான் டைப் 1க்கு வழி: ஒன்று பெருக்க, ஒன்று காவல் காக்க. காவலுக்கு முதல் மருந்தாக டெப்லிசுமாப் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய் முழுதாக வெளிப்படும் முன் கொடுத்தால் சராசரியாக இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது.

இந்தப் பெருக்கும் வேலையையே தாண்டிப் போய்விட்டவர்களும் இருக்கிறார்கள். மூலச் செல்லிலிருந்து லேபிலேயே பீட்டா செல்லைச் செய்து உடம்பில் ஏற்றுவது. 2025 ஜூனில் வெளியான வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சிமிஸ்லெசெல் ஆய்வில் முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருஷத்துக்குப் பிறகு ஊசி இல்லாமல் இருந்தார்கள். ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும். குழந்தைக்கு ஊசியை நிறுத்தி அந்த மாத்திரையைக் கொடுக்க எந்த டாக்டரும் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டார். வேடிக்கை என்னவென்றால் அந்த மாத்திரைகளில் ஒன்றான டேக்ரோலிமஸ் வேலை செய்வதே என்ஃபாட்டை முடக்கித்தான், சிலருக்கு அதனாலேயே சர்க்கரை வருகிறது. ஹார்மைன் எந்தக் கதவைத் திறக்கிறதோ அதே கதவை இது சாத்துகிறது.

5 அக்டோபர்

"பெருக்குவது நல்லதென்றால் பெருகிக்கொண்டே போனால் என்ன ஆகும்?" என்று பவித்ரா. இதுதான் எல்லோரும் கேட்க வேண்டியது.

இன்சுலினோமா என்று ஒரு கட்டி உண்டு. பீட்டா செல் கட்டுப்பாடில்லாமல் பெருகியது. பெரும்பாலும் புற்றாக மாறாது, பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒன்று முதல் நான்கு பேருக்கு வரும் அபூர்வ நோய். ஆனால் சர்க்கரை திடீர் திடீரென்று விழும். எங்கள் லேபுக்கு ஒரு அம்மாள் வந்தார், அதிகாலையில் உளறுகிறார் என்று குடும்பம் பேய் ஓட்டப் போயிருக்கிறது. சர்க்கரை நாற்பதுக்குக் கீழே, அந்த நேரத்தில் இன்சுலினும் சி-பெப்டைட்டும் உச்சத்தில். அறுவை செய்து எடுத்த பிறகு சரியானார்.

ஸ்டீவர்ட் குழு 2017இல் இந்தக் கட்டிகளின் மரபணுக்களைப் படித்துத்தான் பெருக்கும் வழிகளைத் தேடியது. கட்டியிலேயே சமையல் குறிப்பு இருக்கிறது என்ற எண்ணம். மெனின் என்ற புரதம் கெட்டால் இந்தக் கட்டி வரும். கர்ப்பமான எலியில் மெனின் குறைவதால்தான் பீட்டா செல் பெருகுகிறது என்று ஸ்டான்ஃபோர்டில் 2007இல் காட்டினார்கள். அந்த மெனினையே தடுக்கும் ஐகோவமெனிப் என்ற மாத்திரையை பயோமியா ஃப்யூஷன் என்ற நிறுவனம் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கிறது. 2024 ஜூனில் ஈரல் பாதிக்கலாம் என்ற சந்தேகத்தில் அமெரிக்க மருந்துத் துறை நிறுத்தியது, செப்டம்பரில் மறுபடி விட்டது. எலி மேஜையைத் தாண்டி மனிதர் வயிற்றுக்குள் போன பெருக்கும் மருந்து என்றால் இப்போதைக்கு இதைத்தான் கவனிக்கிறேன்.

ஹார்மைனும் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது, எவ்வளவு தாங்கும் என்பதற்காக. அளவு ஏறியதும் வாந்தி, தூக்கக் கலக்கம். டிஒய்ஆர்கே1ஏ மூளையிலும் இருக்கிறது, உடம்பு முழுக்க இருக்கிறது. கணையத்துக்கு மட்டும் போகும்படி செய்வதுதான் மீதி வேலை. பல்லி மருந்தைச் சேர்த்ததன் புத்திசாலித்தனம் அங்கேதான்: ஜிஎல்பி-1 ஏற்பி (அந்த மருந்து வந்து ஒட்டும் இடம்) பீட்டா செல்லில் நிறைய இருக்கிறது, அதனால் ஹார்மைனைக் குறைவாகக் கொடுத்தாலும் அங்கே வேலை நடக்கும்.

23 அக்டோபர்

தீபாவளி முடிந்து இருமல். காற்று வழக்கம்போல. லட்டு சாப்பிட்டவர்கள் எல்லாம் இன்றைக்கு லேபில் வரிசை கட்டி நிற்கிறார்கள், "ஹெச்பிஏ1சியில் தீபாவளி தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார். கொஞ்சம் தெரியும் என்றேன், அது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரிக் கணக்கு, நாலு நாள் லட்டு மூழ்கடிக்காது. நவராத்திரியிலிருந்தே ஆரம்பித்திருந்தால் நன்றாகவே தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

2 நவம்பர்

புதிதாக ஒருவர், லக்ஷ்மி நகரிலிருந்து. மேற்கு தில்லியில் ஒரு மையத்தில் கணையத்துக்கு மூலச் செல் ஊசி போட்டு பீட்டா செல்லை வளர்க்கிறார்களாம். பல லட்சம், தவணையில் கட்டலாம், அப்பாவுக்கு முன்பணம் கேட்கிறார்கள் என்கிறார். மையத்தின் பெயரையும் எழுதியிருந்தார், அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டி நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாதிரியான ரத்த மூலச் செல் மாற்று சிகிச்சை தவிர வேறு எந்த நோய்க்கும் மூலச் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டும் நடத்தலாம். ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள். நாளைக்குப் போனால் எண் எங்கே என்று கேளுங்கள். கொடுத்தால் இங்கே போடுங்கள், பவித்ராவும் நானும் பதிவேட்டில் தேடிப் பார்த்துச் சொல்கிறோம். "அதெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.